செங்கல்லைப் பார்க்கவா பிள்ளையை அனுப்பினோம்?



லண்டனில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளுக்குப் பாடசாலையிலிருந்து இடைக்கிடை ஒரு கடிதம் வரும். இன்ன திகதியில் வகுப்புப் பிள்ளைகளை டேட் மொடர்ன் கலைக்கூடத்துக்குக் கூட்டிச் செல்கிறோம், மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து விடுங்கள், சம்மதமானால் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அதே கடிதம் விலங்குகளின் எலும்புக்கூடுகள் வைத்திருக்கும் நூதனசாலைக்கு என்று வந்திருந்தால் எந்த உம்மாவும் இரண்டாம் முறை யோசிக்காமல் ஒப்பமிட்டு விடுவார். நவீன ஓவியக் கூடம் என்றதும் பேனை நின்று விடுகிறது. அங்கே என்ன படங்கள் தொங்குமோ, எப்படிப்பட்ட சிலைகள் நிற்குமோ? இங்கே இருக்கும் தாத்தாவிடமோ சாச்சியிடமோ தொலைபேசியில் கேட்பார்கள். இங்குள்ளவர்களுக்கு மட்டும் அது எப்படித் தெரியும்?

கேள்வி அத்தோடு முடிவதுமில்லை. போய்வந்த பிள்ளை மாலையில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கி விடும். "உம்மா, அங்க செங்கல்ல அடுக்கி வெச்சிருக்காங்க. அதயும் காசு குடுத்துத்தான் வாங்கினாங்களாம்!" உம்மா சிரிப்பார். வாப்பா, "இதைப் பார்க்கவா உன்னை அனுப்பினோம்?" என்பார். அத்துடன் அந்த நாளின் பேச்சு முடிந்து விடும். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். ஒரு பிள்ளை ஒரு முழு நாளைச் செலவழித்துப் பார்த்து வந்த ஒன்றை வீட்டார் ஒரே சிரிப்பில் மூடி விட்டால், அடுத்த தடவை அது எதைப் பார்த்தாலும் வீட்டில் வந்து சொல்லாது. ஆகவே இம்மாதம் அந்த ஒரு நாளை நீங்களும் நானும் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து பார்ப்போம்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேம்ஸ் நதியின் தென்கரையில் செங்கல்லால் கட்டப்பட்ட மிகப் பெரிய பெட்டி போன்ற ஒரு கட்டடம். நடுவில் 99 மீற்றர் உயரமான புகைபோக்கி. பார்த்தவுடனே தொழிற்சாலை என்றுதான் சொல்வீர்கள். உண்மையும் அதுதான். எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த நிலையம் அது. லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை வடிவமைத்த சேர் கைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொட் என்பவரே இதையும் வரைந்தார். 1981இல் மின்நிலையம் மூடப்பட்டது. பல வருடங்கள் சும்மா கிடந்த கட்டடத்தைச் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் இருவரின் திட்டப்படி மாற்றியமைத்து, 2000ஆம் ஆண்டு மே மாதம் கலைக்கூடமாகத் திறந்தார்கள். இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்காமல் விட்டதால் இன்று பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே ஒரு பாடம் தொடங்கி விடுகிறது.

எதிர்க்கரையிலுள்ள பெரிய தேவாலயத்தின் பக்கமிருந்து ஆற்றைக் கடக்க நடைபாலம் ஒன்று இருக்கிறது. அதுவும் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதுதான். திறந்த அன்றே சனக்கூட்டத்தின் நடைக்கு அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டு நாளில் மூடி, திருத்தி, 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். பாலத்தில் நடக்கும் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லோரும் ஒரே தாளத்தில் குதித்துப் பார்ப்பார்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. விசேட கண்காட்சிகளுக்குத்தான் டிக்கட். நிரந்தரச் சேகரிப்பை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பாடசாலைக் குழுக்கள் முன்கூட்டியே நாள் பதிவு செய்து கொள்ள வேண்டும். 'டேட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாம் தேநீரில் போடும் சீனியிலிருந்து. ஹென்றி டேட் என்ற சீனி வியாபாரி, சீனிக் கட்டிகளை விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். தான் சேர்த்த ஓவியங்களையும் ஒரு கட்டடத்துக்கான செலவையும் நாட்டுக்குக் கொடுத்தார். அந்த முதலாவது கலைக்கூடம், முன்பு சிறைச்சாலை இருந்த நிலத்தில் 1897இல் திறக்கப்பட்டது. இன்று அதற்கு டேட் பிரிட்டன் என்று பெயர். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரே அவர் சீனித் தொழிலுக்கு வந்தார் என்பது உண்மை. ஆயினும் சீனியின் வரலாற்றைக் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வியர்வையிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதும் உண்மையே. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே நுழைந்தால் முன்பு மின்பிறப்பாக்கி இயந்திரங்கள் நின்ற மண்டபம். நீளம் சுமார் 150 மீற்றர், உயரம் 35 மீற்றர். எப்போதும் பேசிக்கொண்டேயிருக்கும் பிள்ளையும் அந்த இடத்தில் ஒரு கணம் வாயை மூடும். ஒரு காலத்துக்கு ஒரு கலைஞர் என்று அழைத்து அந்த மண்டபத்தையே அவர் கையில் கொடுத்து விடுவது அங்குள்ள வழக்கம். 2003இல் ஒருவர் மஞ்சள் விளக்குகளால் ஒரு சூரியனைச் செய்து, கூரை முழுவதும் கண்ணாடி பதித்தார். வந்தவர்கள் பாயில் படுப்பது போலத் தரையில் படுத்துத் தம்மைத் தாமே மேலே பார்த்துக் கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டி விடும் ஊரில் அது பெரிய ஆறுதல்தானே.

2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் அங்கே சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார். பத்துக் கோடி விதைகள். அத்தனையும் பீங்கான்! சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெசென் நகரில் 1,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒவ்வொரு விதையிலும் தூரிகையால் கறுப்புக் கோடு போட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் சாம்பல் நிறத் தரை. குனிந்து ஒன்றைப் பார்த்தால் ஒரு மனிதக் கையின் கோடு. 'சீனாவில் செய்தது' என்ற முத்திரையோடு நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சாமான்களுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று இதைவிடச் சுலபமாகப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? முதலில் அதன் மேல் நடக்க விட்டார்கள். பீங்கான் தூசி சுவாசத்துக்குக் கூடாது என்று சில நாட்களுக்குள் கயிறு கட்டி மறித்து விட்டார்கள்.

ஆனால் அந்த மண்டபத்தில் வைக்கப்பட்டவற்றுள் நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. 2007இல் கொலம்பியா நாட்டுப் பெண் கலைஞர் டொரிஸ் சல்சேடோ அந்தக் கொங்கிரீட் தரையைப் பிளந்தார். மயிரிழை போலத் தொடங்கி, போகப் போக அகன்று, 167 மீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மண்டபத்தில் வேறொன்றுமே இல்லை. வெடிப்புக்கு அவர் வைத்த பெயர் 'ஷிபோலத்'. யூத வேதத்தில் வரும் சம்பவம் இது. போரில் தோற்று ஆற்றைக் கடக்க வந்தவர்களை நிறுத்தி, இந்தச் சொல்லைச் சொல் என்றார்கள். 'ஷ' என்று உச்சரிக்கத் தெரியாமல் 'ஸ' என்றவன் எதிரிக் கூட்டத்தான். அந்த இடத்திலேயே வெட்டினார்கள். சொல்லின் பொருள் என்னவோ தானியக் கதிர் என்பதுதான். குர்ஆனில் கதிருக்கு வரும் 'ஸுன்புலா' என்ற அரபுச் சொல்லும் இதன் உடன்பிறப்பே. மனிதனுக்கு உணவாகும் கதிரின் பெயரைக் கொண்டே மனிதனை அறுத்தார்கள் என்றால் பாருங்கள்.

இதை வாசிக்கும் உங்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்திருக்கும். 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் ஆட்களை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். நாக்குப் புரண்ட விதத்தில் உயிர் தங்கியது அல்லது போனது. தமிழ் பேசும் வாய் நம்முடையதும்தான். லண்டன் மண்டபத்தில் அந்த வெடிப்பின் இரு பக்கமும் காலை வைத்து நின்ற பிள்ளைகளில் அகதிகளின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். எல்லைகளையும், வெளியே நிறுத்தப்படும் குடியேறியவர்களையும் பற்றித்தான் அந்தப் பெண் அதைச் செய்தார். 2008இல் வெடிப்பை நிரப்பி மூடினார்கள். மூடினாலும் தழும்பு தரையில் தெரிகிறது. எந்தப் பருவத்தில் போகும் பிள்ளையும் அதைத் தேடிப் பார்க்கலாம். மண்டபத்தில் அப்போது வேறென்ன வைத்திருந்தாலும் காலுக்குக் கீழே அது இருக்கும்.

இனி அந்தச் செங்கல். அமெரிக்கர் கார்ல் அன்ட்ரே 1966இல் செய்த வேலை அது. உலையில் வைக்கும் தீக்கற்கள் 120ஐ இரண்டு தட்டாகத் தரையில் அடுக்கினார். சாந்து இல்லை, பூச்சு இல்லை. 1972இல் டேட் இதை வாங்கியது. நாலு வருடம் ஒருவரும் கவனிக்கவில்லை. 1976இல் பத்திரிகைகள் கண்டு பிடித்து, பொதுப் பணத்தில் செங்கல்லா என்று நாடே கொதித்தது. பத்திரிகைக்காரர் விட்டாலும் சனம் விடுமா? ஒருவர் வந்து நீலச் சாயத்தை அதன் மேல் ஊற்றி விட்டும் போனார்.

பிள்ளை இதைச் சொன்னால் சிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்து முடிந்த பின் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை கல், எப்படி அடுக்கியிருந்தது? அன்ட்ரே இப்படி ஒன்றல்ல, எட்டு அடுக்கினார். எட்டிலும் 120 கல்லே. ஒன்று நீளம், ஒன்று அகலம், ஒன்று சதுரம் போல. வடிவம் எட்டு, அளவு ஒன்று. ஆகவேதான் 'சமமானவை' என்று பெயரிட்டார். டேட்டில் இருப்பது எட்டாவது. கையில் 12 சீனிக் கட்டியோ தீப்பெட்டியோ கொடுத்து, இரண்டு தட்டாக எத்தனை விதத்தில் செவ்வகம் அடுக்கலாம் என்று பாருங்கள். நாலாம் வகுப்புக் கணக்கு அது. குசினி மேசையில் அரை மணித்தியாலம் போகும்.

இருந்தாலும் என் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். செங்கல்லில் ஒரு கணக்காவது இருக்கிறது. ஆனால் 1917இல் நியூயோர்க்கில் மார்செல் டுஷாம்ப் என்ற பிரான்சுக்காரர் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கானைக் கடையில் வாங்கி, வேறொரு பெயரில் ஒப்பமிட்டு, 'நீரூற்று' என்று பெயர் சூட்டிக் கண்காட்சிக்கு அனுப்பினாரே, அதை அழகு என்று எவர் சொன்னாலும் நான் ஏற்கப் போவதில்லை. அவரும் அழகு என்று சொல்லவில்லை. ஆறு டொலர் கட்டிய எவருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்த சங்கத்தார், தம் வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்க்க அவர் வைத்த பரீட்சை அது. சங்கத்தார் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. பரீட்சையில் தோற்றவர்கள் அவர்கள்தான். அசல் தொலைந்து விட்டது. டேட்டிடம் இருப்பது 1964இல் செய்த பிரதி. ஒரு நல்ல கேள்வியை ஒரு முறை கேட்டது சரி. அதையே நூறு வருடமாக ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருப்பதுதான் அலுப்பு.

ரொத்கோவின் அறை வேறு விதம். வெளிச்சம் குறைத்த ஒரு கூடம். சுவரளவான துணிகளில் கருஞ்சிவப்பும் கறுப்பும். உருவம் ஒன்றும் இல்லை, ஜன்னல் சட்டம் போல மங்கலான கோடுகள் மட்டும். பிள்ளைகள் "ஒண்டுமே இல்லையே" என்பார்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் நிறத்துக்குள் நிறம் தெரியத் தொடங்கும். இந்தப் படங்களின் கதை சாப்பாட்டுக் கடையில் ஆரம்பமாகிறது. 1958இல் நியூயோர்க்கின் மிக விலை கூடிய உணவகம் ஒன்றின் சுவர்களுக்காக மார்க் ரொத்கோவிடம் இவற்றைக் கேட்டார்கள். பெரும் பணம். சுமார் முப்பது படங்கள் வரைந்து விட்டார். ஒரு நாள் மனைவியோடு அந்த உணவகத்துக்குச் சாப்பிடப் போனார். அங்கு வருபவர்களையும் விலையையும் பார்த்தார். இவர்கள் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி என் படத்தைப் பார்க்கப் போவதில்லை என்று கண்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து விட்டார். அவற்றில் ஒன்பதை டேட்டுக்கு அன்பளிப்பாகத் தந்தார். அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பெப்ரவரி 25ஆம் திகதி அன்றே, அவர் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்ட செய்தியும் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணிந்த மனிதருக்கு இந்த முடிவு. என்ன துயரம் அவரை அரித்ததோ, அல்லாஹ் அறிவான்.

2012இல் ஒருவன் அவற்றில் ஒரு படத்தின் மூலையில் மையால் கிறுக்கினான். அவனைச் சிறைக்கு அனுப்பியது ஒரு பக்கம். மை பூச்சுக்குள் இறங்கி விட்டதால், எந்தத் திரவம் மையை மட்டும் கரைக்கும், நிறத்தைக் கரைக்காது என்று தேடித் தேடிச் சோதித்து, பதினெட்டு மாதம் உழைத்து 2014இல் படத்தைத் திரும்பவும் சுவரில் ஏற்றினார்கள். விஞ்ஞானம் படிக்கும் மகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இரசாயனவியல் படித்தவர்களுக்கு வைத்தியசாலையும் தொழிற்சாலையும் மட்டும்தான் வேலைத்தலம் என்று நாம் எண்ணியிருக்கிறோம்.

இப்போது உங்கள் மனதில் முதலிலிருந்தே நிற்கும் கேள்விக்கு வருவோம். ஆடையற்ற உருவங்கள் அங்கே இருக்கின்றனவா? இருக்கின்றன. மறைத்துச் சொல்வதில் பயனில்லை. சுவரில் இருப்பவை மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே எந்த அறையில் என்ன என்று இங்கிருந்து சொல்லவும் முடியாது. ஆனால் பொறுப்புள்ள ஆசிரியை முன்னதாகவே போய்ப் பார்த்து, எந்தெந்த அறை என்று முடிவு செய்து விட்டுத்தான் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வார். உம்மாமார் அவரிடம் நேரில் போய், எந்த அறைகளுக்குப் போகிறீர்கள் என்று கேட்கலாம். சண்டைக்காரியைப் போலல்ல, விபரம் அறிய விரும்பும் தாயாக. பார்வையைத் தாழ்த்தக் கற்ற பிள்ளைக்குப் பஸ் தரிப்பிடத்து விளம்பரத்தை விடவா அந்தக் கூடம் பெரிய சோதனை?

அந்தக் கேள்வியோடு நின்று விடுவதால் நாம் இழப்பது ஒன்று இருக்கிறது. அதே கட்டடத்தில் நம் பிள்ளைகள் தங்கள் சொந்த எழுத்தைச் சந்திக்கிறார்கள்.

இப்ராஹீம் அஸ்ஸலாஹி 1930இல் சூடானின் உம்முதுர்மானில் பிறந்தவர். அந்த நாட்டில் குர்ஆன் மத்ரஸாவைக் 'கல்வா' என்பார்கள். அவருடைய தந்தையார் நடத்திய கல்வாவில்தான் பலகையில் எழுதி, கழுவி, மறுபடி எழுதி அவர் அரபு எழுத்தைப் பழகினார். லண்டனில் ஓவியக் கல்லூரியில் படித்து விட்டு 1957இல் ஊர் திரும்பினார். கார்தூமில் கண்காட்சி வைத்தார். மேற்கில் கற்ற திறமையெல்லாம் சுவரில் இருந்தது. ஊர் மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மனமுடைந்து, வரைவதை நிறுத்தி, நாட்டைச் சுற்றினார். மக்கள் தம் வீடுகளில் எதை அழகென்று வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். எழுத்தும், பாயிலும் பாத்திரத்திலும் போட்ட கோலமுமாக இருந்தன. பிறகு தம் படத்தின் மூலையில் சிறிதாக அரபு எழுத்தைச் சேர்த்தார். மக்கள் அருகில் வந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் அருகில் வந்தார்கள். பின்னர் அந்த எழுத்துக்களை உடைத்துத் திறந்து பார்த்தார். அதற்குள்ளிருந்து செடியும் பறவையும் முகமும் வெளிவந்தன என்பார் அவர். உயிருருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்கள் சொல்லியிருப்பதை நீங்கள் அறிவீர்கள், நான் இங்கு அந்த விவாதத்தைத் திறக்கவில்லை. நான் சொல்ல வருவது, ஓதற்பலகையில் பழகிய கை எவ்வளவு தூரம் போனது என்பதை.

1975இல் ஆட்சிக்கெதிரான சதியில் சம்பந்தப்பட்டார் என்று சொல்லி, விசாரணையே இல்லாமல் ஆறு மாதம் சிறையில் போட்டார்கள். காகிதம் வைத்திருப்பதே குற்றமான இடம். கிடைத்த சீமெந்துப் பைக் காகிதத் துண்டுகளில் வரைந்து, காவலர் வரும்போது மணலில் புதைத்து வைப்பார். துண்டு துண்டாக வரைந்து, பிறகு சேர்த்து ஒரு பெரிய படமாக்குவது அங்கே பிடித்த பழக்கம். 2013இல் டேட் மொடர்ன் அவருடைய வாழ்நாள் வேலைகளை ஒன்று சேர்த்துக் கண்காட்சி வைத்தது. ஆபிரிக்கக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அவ்வாறு செய்தது அதுவே முதல் தடவை.

அதே 2013இல் இன்னொரு கண்காட்சியும் நடந்தது. பெய்ரூத்தைச் சேர்ந்த ஸல்வா ரவ்தா ஷுகைர் என்ற அம்மையாருடையது. 1916இல் பிறந்தவர். இளவயதில் கெய்ரோவுக்குப் போய் அங்குள்ள பள்ளிவாசல்களின் கல்வேலையைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர். கோடும் வளைவும் கணக்கும், இவையே போதும், உருவம் தேவையில்லை என்று முடிவு கட்டினார். பாரிசுக்குப் போய்ப் படித்து வந்தும் அந்த முடிவை மாற்றவில்லை. அரபுக் கவிதையில் ஓர் அடிக்குப் 'பைத்' என்று பெயர். வீட்டுக்கும் 'பைத்' என்றுதான் சொல்வோம். நல்ல கவிதையில் ஒவ்வோர் அடியும் ஒரு வீடு போலத் தனியாக நிற்கும், சேர்த்து வைத்தால் ஊராகும். ஷுகைர் மரத்திலும் கல்லிலும் அதையே செய்தார். ஒவ்வொரு துண்டும் தனக்குள் முழுமை, ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால் ஒரு கவிதை. அவற்றுக்குக் 'கவிதை' என்றே பெயரும் வைத்தார். கற்கட்டிகளை அடுக்கி 1963க்கும் 1965க்கும் இடையில் அவர் செய்த ஒன்று டேட்டின் சேகரிப்பில் இருக்கிறது. அன்ட்ரே செங்கல் அடுக்கியது 1966இல் என்று மேலே சொன்னேன். ஆண்டுகளைக் கவனித்தீர்களா?

அவர் செய்தவற்றில் பெரும்பகுதி விற்கவே இல்லை. வீடு நிறைய அடுக்கிக் கிடந்தன. உள்நாட்டு யுத்தத்தில் குண்டு விழுந்து ஓர் ஓவியத்தில் கண்ணாடித் துண்டுகள் தைத்துத் துளையிட்டன. அதைத் திருத்தாமல் அப்படியே லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள். அப்போது அவருக்கு 97 வயது. பிள்ளை வளர்த்துக் கொண்டே, குடும்பம் நடத்திக் கொண்டே, எவரும் வாங்காத ஒன்றை அரை நூற்றாண்டு காலம் விடாமல் செய்த ஒரு பெண். 2017இல் நூறு வயதில் காலமானார். 'இதெல்லாம் யாருக்கு?' என்று வீட்டார் கேட்கும் எம்பிராய்டரியை அலமாரியில் மடித்து வைத்திருக்கும் சகோதரிகள் உங்களில் எத்தனை பேர்!

மேல்தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் பழைய கட்டடத்தோடு பத்துத் தட்டுப் புதிய கட்டடம் ஒன்றைச் சேர்த்தார்கள். உச்சியில் சுற்றி நடந்து லண்டனைப் பார்க்க ஒரு மேடை. அதற்கு எதிரே சுவரெல்லாம் கண்ணாடியான அடுக்குமாடி வீடுகள். மேடைக்கு வந்தவர்கள் நகரத்தை விட்டு விட்டு, அந்த வீடுகளின் கூடத்தையும் குசினியையும் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம், திரை போட்டுக் கொள்ளுங்கள் என்றது. மேன்முறையீட்டிலும் தோற்றார்கள். கடைசியில் 2023 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், இப்படி ஓயாமல் பார்க்கப்படுவது தொல்லைதான் என்று வீட்டார் பக்கம் தீர்த்தார்கள். பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது எவ்வளவு பாரதூரமானது என்று சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். அவர்களுக்கு அது விளங்க ஏழு வருடம் பிடித்தது! வீட்டுக்காரர் கண்ணாடி வீட்டைத் தெரிந்துதானே வாங்கினார் என்று கேட்கும் பிள்ளையும் வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளையைச் சட்டம் படிக்கப் போடலாம்.

நடைமுறை விடயங்கள் சில. சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக் கொடுப்பதுதான் நிம்மதி. கறி ஒழுகாத டப்பாவாகப் பார்த்துக் கொடுங்கள். பேனைக்குப் பதிலாகப் பென்சிலும் ஒரு சிறு கொப்பியும் கொடுத்தனுப்புங்கள், கலைக்கூடங்களில் மையை விரும்ப மாட்டார்கள். மார்கழிப் பயணமென்றால் லுஹருக்கும் மஃரிபுக்கும் இடையில் நாலு மணித்தியாலம்தான் இருக்கும். வயது வந்த பிள்ளைகளின் தொழுகையைப் பற்றி ஆசிரியையிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதி விடுவது நல்லது. கேட்டால் பெரும்பாலும் ஒழுங்கு செய்து தருவார்கள். கேட்காமலிருந்து விட்டுப் பின்னர் குறை சொல்வதுதான் நம் பழக்கமாகி விட்டது.

மாலையில் "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் "நிறைய" என்பதுதான். எதற்கு முன்னால் அதிக நேரம் நின்றாய், எது கோபம் வந்தது, கூட வந்தவர்களில் யார் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேளுங்கள். கொப்பியில் வரைந்ததைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கோணல் சதுரம்தான் இருக்கும். இருக்கட்டும்.

போய் வந்த பிள்ளைகளில் சிலருக்கு வேறொரு காரணமும் இருந்திருக்கிறது. ஸ்டீவ் மக்குவீன் என்ற கலைஞர் லண்டனில் மூன்றாம் வகுப்புப் படிக்கும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைப் படம் பிடிக்க விரும்பினார். புதிய விதமாக ஒன்றும் இல்லை. நம் பாடசாலைகளில் வருட முடிவில் எடுப்பது போன்ற அதே வகுப்புப் படம். முன்வரிசை உட்கார்ந்து, பின்வரிசை வாங்கில் ஏறி நின்று, ஓரத்தில் ஆசிரியை. 1,504 பாடசாலைகள் சம்மதித்தன. 3,128 படங்கள். 76,146 பிள்ளைகள். டேட் பிரிட்டனின் நடு மண்டபத்தில் தரையிலிருந்து கூரை வரை சுவர் முழுவதும் அவற்றை மாட்டினார்கள். சீருடைகளின் நிறம் மாறும், முகங்களின் நிறம் மாறும், முக்காடிட்ட சிறுமிகள், பல்லு விழுந்த பையன்கள், கண்ணை மூடிக் கொண்ட ஒருத்தி. பிறகு அந்தப் பிள்ளைகளையே வகுப்பு வகுப்பாகப் பஸ்ஸில் கொண்டு வந்து காட்டினார்கள். மூவாயிரம் படத்துக்குள் தங்கள் வகுப்பு எங்கே என்று தேட வேண்டும். சில படங்கள் மிக உயரத்தில் இருந்தன. அவற்றில் இருந்த பிள்ளைகள் கழுத்தை அண்ணாந்து, கையை நெற்றியில் வைத்து, ஆசிரியை விரல் நீட்டும் திசையில் பார்த்துக் கொண்டு நின்றார்கள்.